கடைசி விளக்கைத் தலைவர் ஏற்றுவார்

கணினி விளையாட்டைத் தன்னந்தனியாக வீட்டில் உட்கார்ந்து செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முடித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் பல்கூடத் துலக்காமல் உட்கார்ந்து எதையோ திருத்திக்கொண்டிருப்பார்கள். நேற்று ஏறிய மரத்தை இன்று காணோமே என்று வாங்கியவன் கத்துவான். இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டுவதற்காகப் பெரிய மனிதர்கள் சிலர் கூடிப் பேசி, விளையாட்டு நிறைவு வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். வாரியத்தின் சான்று இல்லாமல் எந்த விளையாட்டும் வெளியே போகக்கூடாது. பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. ஏன் என்று யாரோ கேட்டதற்கு, "அங்க ஆயிரம் பேரு வேலை செய்யறாங்க, யாரு கையைக் கட்டறதுன்னு எங்களுக்குத் தெரியல" என்று பதில் வந்தது.

கையைக் கட்டுவது என்றால் நிஜமாகவே கைதான். சோதனைக்கே கைகட்டுச் சோதனை என்று பெயர். கயிறு கிடையாது, அந்த அளவுக்கு நாகரிகம் உண்டு. செய்தவரை ஒரு மேசைமுன் உட்கார வைப்பார்கள். மேசைமேல் இரண்டு உள்ளங்கைகள் வெள்ளை பெயின்ட்டில் வரைந்திருக்கும். அவற்றின்மேல் தன் கைகளை வைத்துக்கொண்டு, வாரியத்தின் ஆட்டக்காரர் தன் விளையாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் விசைப்பலகை இருக்கும். அது ஆசை காட்டுவதற்கு. கடைசிவரை கை அசையாமல், வாய் திறக்காமல் இருந்தால், இனி திருத்துவதற்கு அவருக்கு ஒன்றுமில்லை, விளையாட்டு முடிந்தது என்று பொருள். அசைந்தால் முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. எனக்கு எரிச்சலே அதுதான்.

இந்த மேசைமுன் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அவளும் அவள் கணவரும் சேர்ந்து செய்த விளையாட்டுக்கு 'மேல்மாடி' என்று பெயர். இருட்டான ஒரு வீடு. ஆடுகிறவர் கீழ்த்தளத்தில் அறை அறையாகப் போய் விளக்கேற்ற வேண்டும். முதல் விளக்கு எரிந்ததும் மாடியில் யாரோ நடக்க ஆரம்பிப்பார். கடைசி விளக்கு எரிந்ததும் ஆட்டம் முடிந்து திரை அணைந்துவிடும். நடக்கிறவரின் முகத்தை யாரும் பார்க்க முடியாது. அவ்வளவுதான் விளையாட்டு. வீடு, சுவர், தரை, வெளிச்சம் எல்லாம் அவள் வேலை. நடக்கிறவர் மட்டும் கணவரின் வேலை. தன் நடையையே படம்பிடித்து அந்த உருவத்துக்குக் கொடுத்திருந்தார். சின்ன வயதில் முறிந்து கூடிய இடது கால் அவருக்கு; அதை லேசாக இழுத்துத்தான் நடப்பார். மாடியில் நடக்கிறவரும் அப்படித்தான் நடந்தார்.

எதையும் நாளைக்குத் தள்ளுகிறவர் என்பதால் நண்பர்கள் அவருக்கு நாளைக்கு என்றே பெயர் வைத்திருந்தார்கள். "நாளைக்கு வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருவார்கள். மாடியில் நடக்கிறவர் கோடிச் சுவரை அடைந்ததும் திரும்பி வரவேண்டும். அந்தத் திரும்புவதை மட்டும் அவர் எழுதவில்லை. சுவரில் போய் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே காலெடுத்து வைத்துக்கொண்டிருப்பார் அந்த மனிதர். நாளைக்குத் திருப்பிவிடுகிறேன் என்றார் கணவர். காய்ச்சலென்று படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

முதல் சோதனையில் ஆட்டக்காரர் வந்து உட்கார்ந்தார். எதையும் ரசிக்கத் தெரியாதவர் என்று மருத்துவர் சான்று கொடுத்து வேலைக்கு எடுக்கப்பட்டவர் அவர். முகத்தை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். முதல் விளக்கை ஏற்றினார். மாடியில் காலடி கேட்டது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து, ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து, பிறகு டொம். மறுபடியும் டொம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சுண்டுவிரல்," என்றார் பக்கத்தில் நின்ற நிறைவு அலுவலர்.

"அசைக்கலைங்களே."

"இப்ப வாயும் தெறந்துட்டீங்க."

நிறைவு அலுவலர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது. அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, தைரியம் சொல்லுவதற்காக நடைக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே சுவர் நெடுக, சான்று பெற்றவர்களின் படங்கள் மாட்டியிருந்தன. எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரும் இரண்டு ஆண்டுகளும் எழுதியிருந்தன.

"இவங்கள்லாம்..." என்று இழுத்தாள் அவள்.

"காலமானவங்க. ஒருத்தர் விடாம," என்றார் அலுவலர் பெருமையாக. "காலி நாற்காலிய வெச்சுத்தான் சோதனை நடத்துவோம். கடைசி வரைக்கும் ஒரு அசைவு இருக்காது. பாக்கறப்பவே மனசு நெறஞ்சு போயிடும்மா. உயிரோட இருக்கறவங்களுக்கு அந்த ஒழுக்கம் வரவே மாட்டேங்குது."

"உயிரோட ஒருத்தர்கூட பாஸ் பண்ணலையா?"

"நீங்களே மொதல் ஆளா இருக்கலாமே," என்று உற்சாகப்படுத்தினார்.

அதோடு நிற்காமல், அவள் மேலுள்ள இரக்கத்தில் ஒரு வேலையும் செய்தார். விளையாட்டை இரண்டாகப் பிரித்தார். கணவரின் பகுதிக்குத் தனியாகச் சோதனை. காலி நாற்காலி போட்டார்கள். ஆட்டக்காரர் விளையாட்டுக்குள் மாடிக்குப் போய் நின்று, மனிதர் சுவரில் முட்டுவதைப் பார்த்தார். நாற்காலி அசையவில்லை. ஒருமனதாகத் தேர்ச்சி. சான்றை அவள் கையில் கொடுத்தபோது அலுவலரின் கண் கலங்கியிருந்தது.

"உங்க வீட்டுக்காரரு முடிச்சுட்டாரும்மா. உங்க பகுதி மட்டுந்தான் பாக்கி."

"சார், அவரு பகுதியிலதான் தப்பே இருக்கு. அவரு திரும்பணும். திரும்பறத எழுதாமப் போயிட்டாரு. நான் எழுதிடறேன், ரெண்டே வரிதான்."

அலுவலர் அதிர்ந்துபோய்க் கதவைச் சாத்தினார். "சத்தமாப் பேசாதீங்க. முடிஞ்சதைத் தொடறது பெரிய குத்தம். அவரு பகுதிக்குப் பூட்டுப் போட்டாச்சு. இனிமே அவர யாரும் திருப்ப முடியாது."

"சுவத்துல முட்டிக்கிட்டே இருக்காரே சார்."

"முட்டறது தப்புன்னு யாரு சொன்னா? செஞ்சவரு ஒண்ணும் சொல்லலையே!"

அவள் சான்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

இரண்டாவது சோதனைக்கு அவள் மாடிப்படியையே எடுத்துவிட்டாள். படி அவள் பகுதி, எடுக்கலாம். யாரும் மேலே போக முடியாது, போனால்தானே பார்ப்பதற்கு என்று கணக்குப் போட்டாள். ஆனால் முட்டுவது சுவரைத் தாண்டிக் கேட்டது. ஆட்டக்காரர் சமையலறை விளக்கை ஏற்றப் போனவர், கையை அப்படியே நிறுத்தி, திரையை விட்டுவிட்டுத் தலைக்குமேல் பார்த்தார். அலுவலரும் மேலே பார்த்தார். வாசலில் நின்ற காவலாளி உள்ளே எட்டி, அவரும் மேலே பார்த்தார். வாரியத்தின் கட்டடத்துக்கு மாடி கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கொஞ்ச நேரம் யாரும் தலையை இறக்கவில்லை.

"சத்தத்தக் கொறச்சுடறேன்," என்று அவள் கையை எடுத்துவிட்டாள். அது இரண்டாவது தோல்வி.

மூன்றாவது சோதனைதான் கடைசி. அதிலும் அசைந்தால் கோப்பை நிறுத்திவைத்துவிடுவார்கள். எதுவரைக்கும் என்று கேட்டாள். படைப்பாளி காலமாகும்வரைக்கும் என்றார் அலுவலர், ஒரு தேதியைச் சொல்வதைப்போலச் சாதாரணமாக.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள். வெளியூரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறவள். எதையும் திறந்து பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. அண்ணன் செய்தது ஊர் முழுக்கப் போக வேண்டும், அவன் பெயர் திரையில் வர வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அண்ணிக்கும் வேறு ஆசை இல்லை. அவர் உட்கார்ந்து செய்த அத்தனை வருஷமும் ஒரு பூட்டிய பெட்டிக்குள் கிடப்பதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"சுவரு யாரு போட்டது?" என்றாள் நாத்தனார்.

"நான்தான்."

"அப்ப சுவர எடுத்துடுங்க அண்ணி. அண்ணன்தான் திரும்ப மாட்டேங்கறான், சுவராவது வழிவிடட்டும்."

இவ்வளவு நாள் இது தோன்றவில்லையே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சுவரை எடுத்தாள். இருவரும் திரைமுன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மனிதர் நடந்து வந்தார். சுவர் இருந்த இடத்தைத் தாண்டினார். தாண்டிய பக்கம் தரை இல்லை. வீடு அங்கே முடிகிறது. விழுந்தார். கறுப்பு வெளியில் கீழே கீழே போய்க்கொண்டே, நடப்பதை நிறுத்தவில்லை. ஒரு கால் ஊன்றுவதாகவும் ஒரு கால் இழுப்பதாகவும் காற்றில் அசைந்துகொண்டே சின்னதாகிப் போனார்.

நாத்தனார் அலறிவிட்டாள். "நிறுத்துங்க அண்ணி! அய்யோ, நிறுத்துங்க!"

நிறுத்தினார்கள். பிறகு அவள் வேலையை ஆரம்பித்தாள். சுவர் இருந்த இடத்துக்கு அப்பால் ஒரு துண்டுத் தரை போட்டாள். அதையொட்டி இன்னொன்று. அவர் நேராகத்தான் போவார். தரை இருந்தால் போதும். ஆனாலும் வெறும் தரையில் நடக்கவிட அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு தாழ்வாரம் கட்டினாள். தாழ்வாரத்துக்கு அப்பால் அவருக்குப் பிடித்த மாதிரி ஜன்னல் வைத்த ஓர் அறை, அதில் மூடி வைக்காத ஒரு பேனா. அறைக்கு அப்பால் ஒரு தெரு. கால் இழுக்கிறவருக்கு மேடு பள்ளம் ஆகாதென்று தெருவைச் சமமாகப் போட்டாள். எல்லா நாளும் இதே வேலையாக இருந்தாள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவர் போனபிறகு அவள் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

"தரை தானாவே வந்துட்டே இருக்கற மாதிரி ஒண்ணு எழுதிட முடியாதா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"முடியும்."

"அப்புறம் ஏன் கையால போட்டுட்டு இருக்கீங்க?"

அவள் தெருவிளக்கு ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். முழுதாக ஆடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் கடைசி விளக்கு எரிந்துவிடும், ஆட்டம் முடிந்துவிடும். அதற்குமேல் கூடுதலாக அரைமணி நடக்கிற அளவுக்குத் தரை இருந்தது. போதும் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

போதாமல் போனதற்குக் காரணம் வாரியத்தின் ஒரு மரபு. எந்த விளையாட்டாக இருந்தாலும் அதன் கடைசிக் காரியத்தைத் தலைவர்தான் செய்ய வேண்டும். கடைசிக் கதவு என்றால் அவர் திறப்பார். கடைசி எதிரி என்றால் அவர் சுடுவார். ஆட்டக்காரர் அதுவரை கொண்டுவந்து வைத்துவிட்டு எழுந்து நிற்பார். உயிரோடிருக்கும் ஒருவர் இதுவரை அந்தக் கட்டத்துக்கு வந்ததில்லை என்பதால் இதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாவது சோதனை அமோகமாக ஆரம்பித்தது. பார்வையாளர் வரிசையில் நாத்தனார் புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். பெரிய திரை ஒன்றில் வீடு முழுவதும் பக்கவாட்டில் தெரிந்தது. ஆட்டக்காரர் விளக்குகளை ஏற்றிக்கொண்டே போனார். மேலே மனிதர் நடந்தார். சுவர் இருந்த இடத்தைத் தாண்டினார். டொம் வரவில்லை. தாழ்வாரம் கடந்து, அறை கடந்து, தெருவில் இறங்கினார். மேசையில் அவள் கைகள் பெயின்ட் கைகளோடு ஒட்டிக்கொண்டதுபோல் கிடந்தன. கடைசி விளக்கு மட்டும் பாக்கி. ஆட்டக்காரர் எழுந்து நின்றார். அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் உள்ளே வந்தார்.

அவர் நேராகப் போய் விளக்கை ஏற்றியிருக்கலாம். ஒரு பொத்தான்தான். விரலை அதன்மேல் கொண்டுபோய் வைத்தும் விட்டார். வைத்தவர் சபையைப் பார்த்தார். சபையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஏழெட்டுப் பேர் போதாதா ஒரு தலைவருக்கு?

"நாலு வார்த்தை பேசிட்டு ஏத்திடறேன்," என்றார். "உயிரோட இருக்கற ஒருத்தர் இந்த எடம் வரைக்கும் வந்தது வாரியத்தோட சாதனை. வாரியத்தோட சாதனைன்னா என்னோட சாதனைன்னு நான் சொல்லக்கூடாது. நீங்க சொல்லலாம்."

அலுவலர் கைதட்டினார். திரையில் மனிதர் முதல் தெருவிளக்கைக் கடந்தார்.

"முடிக்கறதுன்னா என்ன? நெறைய பேரு வேலை செஞ்சாத்தான் முடியும்னு நெனைக்கறாங்க. என் அனுபவம் வேற. முப்பது வருஷமா நான் எந்தக் கோப்பையும் தொட்டதில்ல. தொடாததுனால எதுலயும் என்னால ஒரு தப்பு வந்ததில்ல. இந்த வாரியத்தோட விதிமுறைகூட இன்னும் வரைவுலதான் இருக்கு. கட்டடத்துக்கு மாடி கட்டறதா இருந்துச்சு, கட்டல. ஆனா பாருங்க, நாங்க யாரும் அசையல. அதுதான் நிறைவு!"

மனிதர் தெருவின் பாதியைத் தாண்டினார். நாத்தனார் இருமினாள். அலுவலர் திரும்பி முறைத்தார்.

"அதனாலதான் நான் வீட்லயும் சொல்லுவேன், என் சம்சாரத்துக்கிட்ட. ஒரு எடத்துல நின்னுட்டா நின்னுடணும். அவங்க கேக்கல. போயிட்டாங்க, அவங்க அம்மா வீட்டுக்கு. பரவால்ல. அங்க நல்லாத்தான் இருக்காங்களாம்."

இந்த இடத்தில் தலைவர் கொஞ்சம் நிறுத்தினார். விரல் பொத்தான்மேலேயே இருந்தது. ஏற்றிவிடுவார் என்று நாத்தனார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஆனால் பேச்சு வழக்கம் உள்ளவர்களுக்கு மௌனம் என்பது தண்ணீர் குடிக்கிற இடம் மட்டுமே. தண்ணீர் குடித்துவிட்டு, "இந்த நேரத்துல வாரியம் கடந்து வந்த பாதையப் பத்தி..." என்று ஆரம்பித்தார்.

கடைசித் தெருவிளக்கும் பின்னால் போயிற்று. பெரிய திரையில் தரை எங்கே முடிகிறது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கப்பால் கறுப்பு.

"ஐயா, விளக்கு!" என்று நாத்தனார் எழுந்து கத்தினாள். "ஐயா, மொதல்ல விளக்க ஏத்துங்க, எங்கண்ணன் விழுந்துடுவான்!"

"உக்காரும்மா, ஐயா பேசறாரு," என்றார் அலுவலர். சொல்லும்போதும் அவர் பார்வை திரையில்தான் இருந்தது. ஆட்டக்காரர் ஒரு அடி முன்னால் வந்திருந்தார். இஸ்திரி போட்ட முகம் கலைந்திருந்தது.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அசையாமல் இருந்தால் அவர் பெயர் திரையில் வரும், ஊர் முழுக்கப் போகும். விழப்போவது ஒரு படம். ஆட்டத்தை மறுபடி ஆரம்பித்தால் மாடியில் முதலிலிருந்து நடப்பார். தனக்குத்தானே இதைப் பல தடவை சொல்லிக்கொண்டாள். அதற்குள் இடது கால் இழுத்து முன்னால் வந்து, பாதி பாதம் தரையிலும் பாதி வெளியிலுமாக நின்றது. அவள் கைகளைத் தூக்கினாள். விசைப்பலகையை இழுத்து ஒரு துண்டுத் தரை போட்டாள். அவர் அதன்மேல் காலை ஊன்றினார். இன்னொன்று போட்டாள்.

அறையில் எல்லோரும் மூச்சை விட்டது கேட்டது. பிறகு அலுவலர் தான் எந்த இடத்தில் வேலை பார்க்கிறோம் என்பதை நினைவுபடுத்திக்கொண்டு, "ரெண்டு கையும்," என்றார்.

தலைவர் விரலை எடுத்துக்கொண்டார். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. நன்றி கூறிவிட்டுத்தான் போனார்.

அதன்பிறகு நடந்தது வெறும் நடைமுறை. கோப்பு, படைப்பாளி காலமாகும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. சோதனை ஒத்திவைக்கப்பட்டதே தவிர முடிக்கப்படவில்லை என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை நடுவில் அணைப்பது விதிமீறல். ஆகவே அது வாரியத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அவள் வீட்டிலிருந்தே தரை போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. அவள் பகுதிதான் முடியவில்லையே, அதைத் தொடலாம்.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றார் அலுவலர், வாசல்வரை கூடவே வந்து. கேட்கச் சங்கடப்பட்டார். "நீங்க காலமான ஒடனே நாங்க காலி நாற்காலி போட்டு சோதனைய முடிச்சுக் குடுத்துடுவோம். அது எங்க பொறுப்பு. ஆனா நீங்க தனியா இருக்கறவங்க. உங்க நாத்தனாரும் அவங்க ஊருக்குப் போயிடுவாங்க. நீங்க போயிட்டீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்மா?"

அவள் உள்ளே பார்த்தாள். பெரிய திரையில் அவர், அவள் கடைசியாகப் போட்டுவிட்டு வந்த தரைமேல் நடந்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரைக்கும் அது தாங்கும்.

"அவரு விழுவாரு," என்றாள்.

அலுவலர் யோசித்துப் பார்த்தார். இதைவிடத் துல்லியமான ஏற்பாடு வாரியத்தின் வரலாற்றில் இருந்ததில்லை. அன்றைக்கே திரைமுன் ஒரு நாற்காலி போட்டு, ஆட்டக்காரரை அதில் உட்காரவைத்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்படி உத்தரவிட்டார்.